ஞாயிற்றுக்கிழமை எடுத்த அளவு

அந்த நாட்களில் என் கைப்பையில் மூன்று பொருள்கள் எப்போதும் இருக்கும். ஐந்து மீட்டர் இரும்பு டேப், ஒரு சின்னக் கோணமானி, அட்டையில் செருகிய நான்கு பக்கப் படிவம். படிவத்தைத் தயாரித்தது நான்தான். நாற்காலியின் உயரம், மேசையின் உயரம், கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரம், முழங்கை மடியும் கோணம், வெளிச்சம் வரும் திசை, கதவு என்று வரிசையாக முப்பத்தோரு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். எனக்கு அந்தக் கட்டங்களைப் பார்த்தாலே மனது அடங்கும்.

கோரமங்கலாவில் ஒரு மருத்துவக் குறிப்பு நிறுவனத்தில் வேலை. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், பார்த்ததைப் பேசிப் பதிவு செய்வார்கள். அந்த ஒலிக்கோப்பு இணையம் வழியாக எங்களிடம் வரும். எங்கள் ஆட்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, காலால் ஒரு பெடலை அழுத்தி ஓடவிட்டும் நிறுத்தியும் கேட்டு, வார்த்தை பிசகாமல் தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவார்கள். இரண்டாயிரம் பிறந்த முதல் சில வருடங்களில் பெங்களூரில் தெருவுக்கு ஒருவர் இந்த வேலையில் இருந்தார். அலுவலகத்தில் நாற்காலி போதாமல் போனபோது, தேர்ந்த ஆட்கள் சிலரை வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார்கள். கம்ப்யூட்டரை நிறுவனமே கொடுத்தது. அதை வைக்கிற இடம் சரியாக இருக்கிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும், சரியில்லாததை மாற்றச் சொல்லிக் கையெழுத்திடுவதும் என் பொறுப்பு. நான் படித்தது தொழிலகப் பொறியியல். அதில் ஒரு பருவம் முழுக்க, வேலை செய்யும் இடத்தை மனித உடம்புக்கு ஏற்றபடி அமைப்பது பற்றிய பாடம். வகுப்பில் அதை ஆசையாகப் படித்தவர்கள் மிகச் சிலர். நான் அவர்களில் ஒருத்தி.

நான் அளந்த முதல் வீடு, மர்பி டவுனில் இருந்த எங்கள் வீடு.

அக்கா எனக்கு முன்பே அந்த நிறுவனத்தில் சேர்ந்திருந்தாள். அவள் சொல்லித்தான் எனக்கும் அங்கே வேலை கிடைத்தது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனபிறகு, அக்கா வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு மாறிக்கொண்டாள். அப்பா அதற்கு நான்கு வருடம் முன்பே போய்விட்டார். நான் கல்யாணமாகிப் பொம்மனஹள்ளிக்கு வந்துவிட்டேன். அக்கா கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதாக எல்லோரும் சொல்வார்கள். கேட்டது யார் என்று யோசித்தால் எனக்கு ஒருவர் பெயரும் நினைவுக்கு வருவதில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்வது அக்காவுக்கு ஒரு சலுகையாக இருக்கவில்லை. அம்மாவோடு இருக்க அவளுக்கு அது ஒன்றுதான் வழி. அந்த வழிதான் அப்போது ஆட்டம் கண்டிருந்தது. ஏழெட்டு மாதமாக அவளுக்கு வலது மணிக்கட்டில் வலி. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகும். காலையில் தோசைக்கரண்டியைப் பிடிக்க முடியாமல் இடது கையால் திருப்புவாள். கழுத்திலும் பிடிப்பு. தட்டச்சில் தவறுகள் கூடின. தவறு ஓர் அளவைத் தாண்டினால் வீட்டு வேலையை ரத்து செய்து, அலுவலகத்துக்கு வரச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் அக்கா வேலையை விட வேண்டியதுதான்.

“உன் படிவத்தை எடுத்துட்டு வா. என்னையும் அளந்து போடு” என்றாள் போனில்.

படிவத்தின் தலைப்பிலேயே நான் எழுதி வைத்திருந்த விதி ஒன்று உண்டு: பார்வையிடுவது வேலை நாளில், வேலை நேரத்தில் நடக்க வேண்டும். வேலையை அளப்பதென்றால் வேலை நடக்கும்போது அளக்க வேண்டும். முதல் வகுப்பிலேயே சொல்லித் தருகிற விஷயம் அது. நம் வீடுதானே, வாரநாளில் இன்னொருவர் வீட்டைப் பார்க்கலாமே என்று நான் ஞாயிற்றுக்கிழமை போனேன்.

அம்மாவின் இரும்புக் கட்டில் முன்னறையில் இருந்தது. அதே அறையில், எதிர்ச் சுவரோரம் அப்பாவின் தேக்கு மேசை. அவர் வேலை பார்த்த பட்டறையில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்து வந்தது. அதன்மேல் கம்ப்யூட்டர். நான் வழக்கம்போல முதலில் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். தலை வாரி, நகம் வெட்டி, கஞ்சி ஊட்டினேன். கட்டிலின் ஓரத்தில் ஒரு எவர்சில்வர் ஸ்பூன் கிடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் கிடக்கும். ஒவ்வொரு ஞாயிறும் எடுத்துக் கழுவி அடுக்களையில் வைப்பேன். அன்றும் வைத்தேன்.

பிறகு டேப்பை எடுத்தேன்.

“எப்பவும் எப்படி உக்காருவியோ அப்படி உக்காருக்கா.”

“எப்பவும் எப்படி உக்காருவேன்னு நான் என்ன கண்ணாடியில பாத்துட்டா இருக்கேன்? நீதான் இன்ஜினியர். நீயே சொல்லு.”

ஒரு பழைய கோப்பைத் திறந்து தட்டச்சு செய்யச் சொன்னேன். பத்து நிமிடம் பார்த்தேன். இடுப்பு மேசைக்கு நேராக இருக்க, தோள் இடப்பக்கம் திரும்பியிருந்தது. கழுத்து அதைவிட அதிகமாகத் திரும்பியிருந்தது. ஹெட்போனின் இடது கிண்ணம் காதின்மேல் இல்லாமல் பின்னால் தள்ளியிருந்தது. உடம்பு ஒரு பக்கம் முறுக்கியிருந்ததால் வலது கை நீண்டு, மணிக்கட்டு மேசை விளிம்பில் மடிந்து கிடந்தது. வலிக்குக் காரணம் புத்தகத்தில் உள்ள படம்போல எதிரிலேயே இருந்தது. வாசல் வெளிச்சம் திரையில் பட்டுக் கண் கூசுவதால்தான் இப்படித் திரும்பி உட்காருகிறாள் என்று எழுதிக்கொண்டேன்.

“ஏன்க்கா இப்படிக் கோணிக்கிட்டு உக்காரறே?”

“பழகிடுச்சுடி.”

அந்தப் பதிலுக்கு என் படிவத்தில் இடம் இருந்தது. தவறான பழக்கம் என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

இருபத்தெட்டாவது கேள்வி, வேலை நேரத்தில் வீட்டில் பராமரிக்க வேண்டியவர் யாராவது இருந்தால், அதற்கு வேறு ஆள் ஏற்பாடு உண்டா என்பது. நிறுவனத்தின் நிபந்தனை அது. ஏற்பாடு இல்லையென்றால் அனுமதி இல்லை.

“இருக்கு, எழுதிக்கோ. மாடி ஆன்ட்டி” என்றாள் அக்கா.

மாடியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாகக் குடியிருந்தார். காலையில் சர்ச்சுக்குப் போய்வந்து, மதியம் ஒரு தடவை இறங்கி வந்து அம்மாவைப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.

“நாள் பூராவுமா வர்றாங்க?”

“எழுதிக்கோன்னு சொன்னேன்ல. உன் வீட்டு ஃபார்ம்தானே, சும்மனே கேள்வி மேல கேள்வி.”

குறி போட்டேன்.

அடுத்த ஞாயிறு தச்சரைக் கூட்டி வந்தேன். மேசை அவளுக்கு இரண்டரை அங்குலம் அதிக உயரம். நான்கு கால்களிலும் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். அவர் அதே தெருக்காரர், அப்பாவின் சிநேகிதர். மேசையைத் தட்டிப் பார்த்துவிட்டு ரம்பத்தைக் கீழே வைத்தார்.

“ஏன்மா, அசல் தேக்கு. இதோட காலை அறுக்கச் சொல்றியே. உங்கப்பன் மேலேருந்து பாத்தா என் காலை அறுப்பான்.”

“அவரு இருந்தப்பவே இவ சொன்னா மறுபேச்சு கிடையாது. நீங்க அறுங்க மாமா” என்றாள் அக்கா.

அம்மா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாயின் இடது ஓரம் மட்டும் சிரித்தது.

அறுத்து விழுந்த நான்கு கட்டைகளும் கைக்கு அடக்கமாக இருந்தன. பெடல் நழுவாமல் இருக்க இரண்டை அதன் பின்னால் ஒரு பலகையில் வைத்து ஆணியடித்தேன். மேசையை முன்னறையிலிருந்து பின்னறைக்கு மாற்றினேன். அரிசி டிரம்மும் டிரங்குப் பெட்டிகளும் இருந்த சின்ன அறை அது. இடப்பக்கம் ஜன்னல், கூசாத வெளிச்சம். தெருச்சத்தம் இல்லை. நோயாளிகளின் விவரம் வெளியே கேட்கக் கூடாது என்பதால் மூடக்கூடிய கதவு வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அந்த அறைக்குக் கதவும் இருந்தது. முதுகைத் தாங்கும் நாற்காலி அலுவலகத்திலிருந்து வந்தது. திரையை இரண்டு டெலிபோன் டைரக்டரியின்மேல் ஏற்றி அவள் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். கடைசியாக, காதை முழுக்க மூடும் ஒரு நல்ல ஹெட்போனை என் கைக்காசில் வாங்கிக் கொடுத்தேன்.

“ஒரு காதுல மட்டும் கேட்டா சத்தத்தைக் கூட்டி வைப்பே. காது போயிடும். தப்பும் வரும். ரெண்டு காதுலயும் போடுக்கா.”

“சரிங்க மேடம்” என்று சல்யூட் அடித்தாள்.

இன்னொரு ஞாயிறு நான் போட்டோ எடுக்கக் கேமராவோடு மறுபடி வந்தபோது, பின்னறைக் கதவை அந்தத் தேக்குக் கட்டைகளில் ஒன்று தாங்கித் திறந்தே வைத்திருந்தது. எடுத்து ஓரமாகப் போட்டு, கதவை மூடி, படம் எடுத்தேன். அந்தப் படம் நிறுவனத்தின் கையேட்டில் வந்தது. நேரான முதுகு, தொண்ணூறு பாகையில் முழங்கை, தரையில் பதிந்த பாதம், காதில் பெரிய ஹெட்போன். முகம் தெரியாது. வீட்டு வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரும் என் அக்காவின் முதுகைப் பார்த்துத்தான் உட்காரக் கற்றுக்கொண்டார்கள்.

இரண்டு மாதத்தில் மணிக்கட்டு வலி பாதியானது. நான்காவது மாதம் தோசையை வலது கையால் திருப்பினாள். தவறுகள் குறைந்து, அனுமதியும் நீடித்தது. மாதாந்திர அறிக்கைக்காக நான் கணினிப் பதிவுகளை எடுப்பேன். யார் எப்போது கோப்பைத் திறந்தார், பெடல் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று நிமிடக் கணக்கில் அதில் இருக்கும். அக்காவின் பதிவில் நாள் முழுக்கச் சின்னச் சின்ன இடைவெளிகள். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், சில நேரம் பத்து. இடையிடையே சிறு ஓய்வு எடுப்பவர்களுக்குக் கைவலி வருவதில்லை என்று எழுதி, அக்காவின் பதிவை உதாரணமாக இணைத்து மேலே அனுப்பினேன். நல்ல அறிக்கை என்று பாராட்டினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரைக்கு மாடி ஆன்ட்டி அலுவலகத்துக்குப் போன் செய்தார். அம்மா கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைப் பக்கம் நான்கு எட்டு வைத்து விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிவு.

ஆஸ்பத்திரியில் அக்கா எமர்ஜென்சி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கால் செருப்பு இரண்டும் இடதுகால் செருப்பு. அதில் ஒன்று அம்மாவுடையது. பெரியம்மா எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார். எப்படி ஆயிற்று என்று நான் கேட்கும் முன்னே அவர் ஆரம்பித்துவிட்டார்.

“கேளு உங்கக்காவை. கூடவே இருந்து பாத்துக்கறேன், கூடவே இருந்து பாத்துக்கறேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிறது. முன்னறையில விழுந்து கெடக்குது ஒரு உசுரு. இவ உள்ள கதவைச் சாத்திக்கிட்டு குறட்டை விட்டிருக்கா.”

“ஆமா பெரியம்மா. அசந்துட்டேன்” என்றாள் அக்கா.

“அசந்துட்டாளாம். மத்தியானத் தூக்கம் கேக்குது மகாராணிக்கு.”

அக்கா மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கீழே போனாள். எனக்கும் அவள்மேல் கோபம் வந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்தப் பக்கங்களுக்கு அர்த்தமில்லை. அவள் முதுகைப் பார்த்தபடி, ஒரு அரைமணி நேரம் முழித்திருக்கக் கூடாதா என்று நான் நினைத்தேன்.

இரவு உணவு கொண்டுவந்த மாடி ஆன்ட்டி, என்னைத் தனியாக வராந்தா பெஞ்சுக்குக் கூட்டிப்போனார். ஜெபமாலை விரல்களில் சுற்றியிருந்தது.

“என்னை மன்னிச்சிரும்மா. சத்தம் எனக்குக் கேட்டுச்சு.”

“என்ன சத்தம் ஆன்ட்டி?”

“அம்மா தட்டற சத்தம். ரொம்ப நேரம் தட்டிட்டே இருந்தாங்க. தெருவுல கேபிளுக்குப் பள்ளம் தோண்டறாங்களா, அவங்க ஏதோ இரும்பை அடிக்கறாங்கன்னு நினைச்சுட்டேன்.”

எனக்குப் புரியவில்லை. அம்மா எதைத் தட்டுவாள்?

ஆன்ட்டி என்னை விநோதமாகப் பார்த்தார். “ஸ்பூனாலம்மா. கட்டில் கம்பியில. ஒரு தட்டுன்னா தண்ணி. ரெண்டுன்னா பாத்ரூம். விடாம தட்டினா வலி, இல்லேன்னா பயம். உங்கக்கா பெடலை நிறுத்திட்டு ஓடிவருவா. ரெண்டு வருஷமா நடக்குதே, உனக்குத் தெரியாதா?”

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அம்மாவின் பக்கத்திலேயே இருந்தேன். முகத்தைப் பார்த்தே தண்ணீர் கொடுத்தேன். நான் இருந்த நாளில் அவளுக்குத் தட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. தட்டுகிற ஸ்பூனை நானே வாரந்தோறும் எடுத்துக் கழுவி, அவள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போனேன். நான் தெரு தாண்டும் முன்பே அக்கா அதை எடுத்துத் திரும்பக் கட்டிலில் போட்டிருப்பாள்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் வெள்ளிக்கிழமையின் பதிவை எடுத்தேன். இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஒரு கோப்பு திறக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோப்பை நானும் ஒரு முறை போட்டுக் கேட்டேன். வார்த்தைகளை மென்று விழுங்கும் ஓர் இதய மருத்துவர். பின்னால் ஏதோ இயந்திரத்தின் இரைச்சல். இரண்டு காதையும் மூடி, கதவையும் மூடினால் ஒழிய ஒரு வரியும் பிடிபடாது. இரண்டு ஐம்பத்திரண்டு வரை பெடல் ஓடியிருக்கிறது. சில விநாடிகளுக்குமேல் எங்கேயும் நிற்கவில்லை. அத்தனை மாதப் பதிவுகளிலும் அக்காவுக்கு இடைவெளியே இல்லாத நாற்பத்திரண்டு நிமிடங்கள் அவை மட்டும்தான். அந்தக் கோப்பில் ஒரு தவறும் இல்லை.

அவள் தூங்கவில்லை.

பழைய அறிக்கையைத் திறந்து, சிறு ஓய்வுகள் என்று நான் பெயர் கொடுத்திருந்த இடைவெளிகளைப் பார்த்தேன். காலையில் இரண்டு நிமிடம்: தண்ணீர். பதினொன்றுக்குப் பத்து நிமிடம்: குளியலறை. ஒவ்வொன்றும் அம்மா கூப்பிட்ட நேரம், அக்கா போன நேரம். அம்மாவின் ஒவ்வொரு நாளும் அந்தப் பட்டியலில் வரிவரியாக இருந்தது. நான் அதற்குப் பச்சை வண்ணம் அடித்து வைத்திருந்தேன்.

அறுவை சிகிச்சை நன்றாக நடந்ததாகச் சொன்னார்கள். பிறகு நெஞ்சில் சளி கட்டியது. இருபத்து மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். அதுவரை உறவுக்காரர்கள் யார் வந்தாலும் பெரியம்மா அந்தத் தூக்கத்தைப் பற்றிச் சொன்னார். அக்கா ஒவ்வொரு முறையும் ஆமாம் என்றாள். சாவு வீட்டில்கூட யாரோ ஒரு அம்மாள், “பாவம், அவளும் மனுஷிதானே, கண்ணு அசந்திருக்கும்” என்று அவளுக்காகப் பரிந்து பேசினார். நான் அருகில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து எல்லோரும் போனபிறகு, அக்கா பின்னறையில் கம்ப்யூட்டரின் மேலிருந்த துணியை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். நான் டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்தேன்.

“நீ தூங்கலன்னு எனக்குத் தெரியும்க்கா. கம்ப்யூட்டர் லாக் பாத்தேன்.”

அவள் கை நிற்கவில்லை. “பாத்திருப்பே. உன் வேலையே அதுதானே.”

“அப்புறம் ஏன் தூங்கிட்டேன்னு சொன்னே?”

“வேற என்ன சொல்லச் சொல்றே? காதுல போட்டிருந்தேன், கேக்கலன்னு சொல்லணும். யாரு வாங்கித் தந்ததுன்னு பெரியம்மா கேக்கும். மேசையை ஏன் உள்ள போட்டே, கதவை ஏன் சாத்தினேன்னு கேக்கும். எல்லாத்துக்கும் ஒரே பதில்தான் வரும். தூங்கிட்டேன்னா ஒரு வார்த்தையில முடிஞ்சுது.”

“அம்மா ஸ்பூனால தட்டறதை நீ எங்கிட்ட ஒரு தடவைகூடச் சொல்லலையேக்கா.”

அக்கா துணியை மடித்தாள். மூலைக்கு மூலை சேர்த்து, அளவெடுத்ததுபோல மடித்தாள்.

“நீ ஃபார்மோட வந்திருந்தே. உங்கிட்ட சொன்னா நீ எழுதணும். எழுதினா வேலை போகும். எழுதாம விட்டா உனக்குத் தப்பு. உன்னை ஏன் அதுல மாட்டிவிடணும்?”

நான் அழ ஆரம்பித்தேன். அவள் வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் எனக்கு அடிபட்டால் அப்படித்தான் பிடித்துக்கொள்வாள்.

“என் கைவலிக்குத்தானேடி பண்ணே.”

எதையாவது கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டேன். “இப்ப கை வலிக்குதா?”

“இல்ல” என்றாள். “சுத்தமா இல்ல.”

அந்த இருபத்தெட்டாவது கேள்வியை எடுத்துவிடலாம் என்று அலுவலகத்தில் பேசிப் பார்த்தேன். ஒப்பந்தத்தில் இருக்கிறது, முடியாது என்றார்கள். எதற்காகக் கேட்கிறேன் என்று அவர்கள் கேட்டபோது காரணத்தைச் சொல்லவும் எனக்குத் துணிவு வரவில்லை. கையேட்டில் அக்காவின் முதுகு அப்படியே இருந்தது.

என் கையில் இருந்ததை மட்டும் மாற்றிக்கொண்டேன். வீடுகளுக்குப் போனால் முதல் ஒரு மணி நேரம் படிவத்தை வெளியே எடுப்பதில்லை. கொடுத்தால் காப்பி குடிப்பேன். உட்கார்ந்திருப்பேன். மேசையைப் பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பார்ப்பேன். எங்கே எது இடம் மாறிக் கிடக்கிறது என்று பார்ப்பேன்.

பொம்மனஹள்ளியிலேயே ஒரு பெண், எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி. கேட் சத்தம் கேட்டதும் அவள் உள்ளே அவசரமாக எதையோ ஒதுக்கிய ஓசை எனக்குக் கேட்டது. நான் போய் உட்கார்ந்தபோது அவள் வலது கால் பெடலில் இருந்தது. இடது கணுக்காலைச் சுற்றிக் கயிறு அழுத்திய சிவந்த தடம். உத்தரத்தில் சேலைத் தூளி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கயிறு மின்விசிறி சுவிட்சின்மேல் தூக்கிப் போடப்பட்டிருந்தது.

“குழந்தையைப் பாத்துக்க ஆள் இருக்காங்களா?” என்று நான் கேட்கவில்லை. “தூளிக் கயிறை எப்பவும் மாதிரி கால்ல கட்டிக்கிட்டு உக்காருங்க. அப்படியே அளக்கறேன்” என்றேன்.

அவள் பயந்துபோனாள். “மேடம், கட்டறதில்ல மேடம். சும்மா இன்னைக்கு மட்டும்...”

“எனக்கு அது தெரிஞ்சாகணும். இல்லேன்னா நாற்காலியைத் தப்பான உயரத்துல வச்சுட்டுப் போயிடுவேன்.”

நெடுநேரம் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து கயிற்றைக் கட்டிக்கொண்டாள். ஒரு காலால் அமெரிக்க டாக்டரையும் மறு காலால் குழந்தையையும் அவள் ஓட்டிய அழகைப் பார்த்து, நாற்காலியைத் தூளியின் பக்கம் நகர்த்தி, இரண்டு அங்குலம் தாழ்த்தினேன். இருபத்தெட்டாவது கட்டத்தில், ஏற்பாடு உண்டு என்று குறி போட்டேன். அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

அக்கா அதன்பிறகும் அதே பின்னறையில், அதே மேசையில்தான் வேலை செய்தாள். அம்மாவின் கட்டிலை மாடி ஆன்ட்டி மூலமாகச் சர்ச்சில் யாருக்கோ கொடுத்துவிட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை, அருகே அல்சூரில் ஒரு வீட்டை அளந்துவிட்டு, சொல்லாமல் அங்கே போனேன். வேலை நாளில், வேலை நேரத்தில் அந்த வீட்டுக்குள் நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை. வாசல் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. முன்னறையில் கட்டில் இருந்த இடத்தில் நான்கு கால்களின் துருத்தடம் சிமெண்டில் தெரிந்தது.

பின்னறைக் கதவு திறந்திருந்தது. தேக்குக் கட்டை அதைத் தாங்கியிருந்தது. அக்கா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஹெட்போன் வலது காதில் மட்டும். இடது கிண்ணம் காதுக்குப் பின்னால் தள்ளியிருந்தது. தோள் லேசாக இடப்பக்கம், முன்னறையை நோக்கித் திரும்பியிருந்தது. கழுத்து அதைவிட அதிகமாக. எத்தனை பாகை என்று அளக்காமலே என்னால் சொல்ல முடியும். சொல்லிச் சரிசெய்ய வேண்டிய கோணம்தான். அவள் முடிக்கட்டும் என்று கைப்பையைத் தரையில் வைத்தேன்.

உள்ளே இருந்த இரும்பு டேப் சிமெண்டில் மோதி இரண்டு தடவை ஒலித்தது.

பெடல் அந்த நொடியே நின்றது. அக்கா ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே நாற்காலியைத் தள்ளி எழுந்து, கதவு வரை வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால், முன்னறையின் வெறும் தரையைப் பார்த்தாள்.

“ஓ, நீயா” என்றாள்.

திரும்பிப் போய் உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டி, இடது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, பெடலில் காலை வைத்தாள்.